ஒரு பக்கப் பாட்டு

ஜனவரி 9

அன்புள்ள போர்மேன் அவர்களுக்கு,

டீச்சர் எழுதுகிறேன். நான் நலம். நீங்கள் நலம் என்று நீங்களே சொன்னால் நம்பமாட்டேன்; மாடி வீட்டுத் தையல்காரர் சொன்னால்தான் நம்புவேன். பாப்பாவும் மாப்பிள்ளையும் சுகம். வாண்டுக்கு நாலாவது பல் முளைத்திருக்கிறது. அது எவ்வளவு கூர்மை என்று பார்க்க அவனுக்கு என் விரல்தான் கிடைத்தது.

நீங்கள் அனுப்பிய முதல் சிடி பத்திரமாக வந்தது. அச்சாபீஸில் முப்பது வருஷம் இருந்த மனுஷர் கையெழுத்தா அது? "டீச்சர் 1" என்று எழுதியிருப்பதைப் படிக்கவே மாப்பிள்ளை கண்ணாடி தேடினார். போட்டதும் அந்த வயலின். நாம் குடித்தனம் வந்த வருஷம் வாங்கிய ரெக்கார்டு. துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையில் தலையணை உறையோடு அப்படியே நின்றுவிட்டேன். "என்னம்மா, அழறியா?" என்றாள் பாப்பா. "போடி, வெங்காயம்" என்றேன். வீட்டில் யாரும் வெங்காயம் நறுக்கவில்லை.

ஆனால் சொன்ன சொல்லை மறக்காதீர்கள். பாப்பாவின் பிரசவத்துக்கு என்னை ரயிலேற்றிவிட்டபோது என்ன சொன்னீர்கள்? "அவங்க வீட்ல நம்ம ரெக்கார்டு அலமாரி வைக்க இடமில்ல. எல்லாத்தையும் சிடில ஏத்தி, ஒரு டப்பால போட்டுக்கிட்டு வந்து சேந்துர்றேன். ஆறு மாசம் போதும்." ஆண்டே திரும்பிவிட்டது. நடுவில் பேரன் பிறந்தான் என்று வந்தீர்கள், மூன்றாம் நாள் பையைத் தூக்கிவிட்டீர்கள். அப்போது அவனுக்குத் தூங்க மட்டும்தான் தெரியும்.

போன ஞாயிறு போனில் "மாத்திரை தீந்துபோச்சா?" என்று கேட்டேன். "ஆமா ஆமா, ரொம்ப நல்லா இருக்கு" என்றீர்கள். என்ன நல்லா இருக்கு? மாத்திரையா? நான் பேசும்போது கவனம் எங்கே போகிறது?

வேளைக்குச் சாப்பிடுங்கள். பதில் போடுங்கள்.

உங்கள் டீச்சர்

*

ஜனவரி 25

என் டீச்சரம்மாவுக்கு,

வீடு நலம், அலமாரி நலம், நானும் நலம். தையல்காரரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். வாண்டின் பல்லுக்கு என் மரியாதையைச் சொல்.

ஏன் தாமதம் என்று கேட்கிறாய். உனக்கென்ன, சிடியைப் போட்டால் பாடுகிறது. இங்கே வந்து பார். முதலில் ரெக்கார்டை ஈரத்துணியால் வளைவு வளைவாகத் துடைக்க வேண்டும். அப்புறம் முள்ளைத் துடைக்க வேண்டும். அப்புறம் ப்ளேயரை ஓடவிட்டுக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். அச்சு மெஷினாக இருந்தால் வேகத்தைக் கூட்டி வேலையை முடிக்கலாம். இது அப்படியில்லை. பாட்டு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் நானும் உட்கார்ந்தாக வேண்டும். அதன் பிறகு ஹெட்போனை மாட்டி முதலிலிருந்து கடைசிவரை கேட்டுச் சரிபார்த்துத்தான் சிடியில் ஏற்றுகிறேன். உனக்கு அனுப்புவதில் குறை இருக்கக் கூடாது.

போன் வேண்டாம். லைன் முழுக்க கரகரவென்று இருக்கிறது, ஒன்றும் புரிவதில்லை. நீ கடிதம் போடு. உன் எழுத்து எனக்குப் பிடிக்கும். கரும்பலகையில் எழுதியவள் எழுத்து, கோடு போடாத தாளிலும் நேராக நிற்கிறது.

பழக்கத்தில் இன்னமும் இரண்டு பேருக்கு டீ போட்டுவிடுகிறேன். உன் பங்கைத் தையல்காரர் குடிக்கிறார். "அம்மா எப்ப சார் வருவாங்க?" என்று கேட்டுக்கொண்டே குடிக்கிறார். அவருக்குச் சர்க்கரை கூடுதல் வேண்டுமாம். உன்னை நினைத்துப் போட்ட டீயில் அவருக்கு எதற்குக் கூடுதல் சர்க்கரை? போடவில்லை.

இரண்டு, மூன்று, நாலு என்று மூன்று சிடி இத்துடன் வருகிறது. குளிரில் வெறும் தரையில் உட்காராதே.

உன் போர்மேன்

*

பிப்ரவரி 11

அன்புள்ள போர்மேன் அவர்களுக்கு,

இங்கே அனைவரும் சுகம். எனக்கு முழங்கால் மட்டும் எதிர்க்கட்சி. உங்கள் இருமல் நின்றதா?

மூன்று சிடியும் வந்தன. இரண்டாவது அருமை. மூன்றையும் நாலையும் போட்டபோது மாப்பிள்ளை தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டார். "அத்தை, மாமா அனுப்புன சிடில ஒரு பக்கம் பாடவே இல்லையே" என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டார். இடது காதில் புல்லாங்குழல். வலது காதில் ஒன்றுமில்லை, சுவரில் காதை வைத்தமாதிரி இருந்தது. "ப்ளேயருக்குப் பின்னால ஒரு வயர் கழண்டிருக்கும். சொருகுனா சரியாப் போயிரும்" என்கிறார்.

வயர் கழல்வது பெரிய விஷயமில்லை. ஹெட்போனில் முதலிலிருந்து கடைசிவரை கேட்டுச் சரிபார்த்தேன் என்று எழுதியிருந்தீர்களே, அப்புறம் எப்படி விட்டீர்கள்? கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டீர்களா? உண்மையைச் சொன்னால் திட்டமாட்டேன்.

வாண்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நின்றதும் எங்களைப் பார்க்கிறான், நாங்கள் கை தட்ட வேண்டும். தட்டாவிட்டால் உட்கார்ந்துவிடுகிறான். குணம் அப்படியே உங்களுடையது.

வயரைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

உங்கள் டீச்சர்

*

பிப்ரவரி 22

டீச்சருக்கு,

நலம். இருமல் நின்றது.

மாப்பிள்ளை பாங்கில் பணம் எண்ணுபவர். நல்ல பிள்ளை, குறை சொல்லவில்லை. ஆனால் பாட்டு விஷயத்தில் அவர் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். மெஷின் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொன்னவன் நான். இங்கே கணீரென்று கேட்கிறது. நேற்றுக்கூட அந்தப் புல்லாங்குழலை முழுசாகக் கேட்டேன். கோளாறு அங்கே இருக்கும். அவருடைய பெட்டியைக் கழற்றிப் பார்க்கச் சொல். வாங்கியபோதே சொன்னேன், அது பார்க்கத்தான் பளபள என்று.

நான் தூங்கவில்லை. ஒரு பாட்டுக்குக்கூடத் தூங்கவில்லை.

ஐந்து, ஆறு, ஏழு அனுப்பியிருக்கிறேன். முழங்காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடு.

போர்மேன்

*

மார்ச் 19

அன்புள்ள உங்களுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதீர்கள். எல்லோரும் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியது.

நீங்கள் சொன்னது சரி. கோளாறு எங்கள் பெட்டியில்தான். மாப்பிள்ளை ஒத்துக்கொண்டுவிட்டார். ஐந்து, ஆறு, ஏழு மூன்றும் மிக நன்றாக இருக்கின்றன. இனி அந்தப் பேச்சு வேண்டாம்.

உங்களிடம் சில காரியம் கேட்க வேண்டும். கேள்வி கேட்காமல் செய்யுங்கள். கடைக்குப் போகும்போது சாலையைக் கடக்குமுன் நின்று, வலது பக்கம் கழுத்தைத் திருப்பிப் பாருங்கள். ஹாரன் கேட்கவில்லை, வண்டி வராது என்று நினைத்து இறங்கிவிடாதீர்கள். அடுப்பில் பால் வைத்தால் கூடவே நில்லுங்கள். வாசற்கதவின் இன்னொரு சாவியைத் தையல்காரரிடம் கொடுத்துவையுங்கள். மணியடித்துக்கொண்டே வெளியே நிற்கிறாராம் பாவம், சாவி இருந்தால் திறந்துகொண்டு வருவார். போன் வேண்டாம் என்றீர்கள் இல்லையா, சரி, நானும் இனி வற்புறுத்தமாட்டேன். எழுதுகிறேன். நிறைய எழுதுகிறேன்.

உங்கள் பக்கத்தில் இப்போது நான் இருந்திருக்க வேண்டும். வேறொன்றுமில்லை, திடீரென்று தோன்றியது.

உங்கள் டீச்சர்

*

ஏப்ரல் 4

என் டீச்சரம்மாவுக்கு,

வெற்றி! மாப்பிள்ளை ஒத்துக்கொண்டார் என்று படித்ததும் தையல்காரருக்கு அன்றைக்கு ஒருநாள் சர்க்கரையை அள்ளிப்போட்டேன். சாவியும் கொடுத்தாயிற்று. எதற்கென்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. "அம்மா சொன்னா காரணம் இருக்கும் சார்" என்று வாங்கி இடுப்பில் முடிந்துகொண்டார். கழுத்தைத் திருப்பிப் பார்த்துத்தான் சாலையைக் கடக்கிறேன். வகுப்பில் உன்னிடம் படித்த பிள்ளைகள் எப்படித்தான் தப்பித்தார்களோ.

வேலை கொஞ்சம் மெதுவாகிவிட்டது. பொய் சொல்ல மனம் வரவில்லை, அதனால் சொல்கிறேன். ஒரு ரெக்கார்டை எடுத்தால் ஒருமுறை கேட்டு வைக்க முடிவதில்லை. இரண்டாம் தரம் போடுகிறேன், மூன்றாம் தரமும் போடுகிறேன். மழையில் நனைந்துகொண்டே போய் வாங்கிவந்தோமே, நீ புடவைத் தலைப்பில் சுற்றிக் கொண்டுவந்தாயே, அதை ஒரு வாரமாகக் கேட்கிறேன். வீட்டில் நீ நடமாடுகிற மாதிரி இருக்கிறது. நிறுத்தினால் நீ போய்விடுகிறாய்.

எப்போது வருவீர்கள் என்று மட்டும் இப்போதைக்குக் கேட்காதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் போர்மேன்

*

ஏப்ரல் 28

போர்மேன் அவர்களுக்கு,

நலம். நலமா?

கேட்கத்தான் போகிறேன். எப்போது வருவீர்கள்?

வாண்டு நடக்கிறான். நடந்து எங்கே போகிறான் தெரியுமா? உங்கள் சிடி பாடினால் நேரே ஸ்பீக்கருக்குப் போய் அதன் துணியைத் தட்டுகிறான். "தாத்தா எங்கடா?" என்றால் ஸ்பீக்கரைக் காட்டுகிறான். பாப்பா சிரிக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பேரனுக்குத் தாத்தா என்றால் ஒரு மரப்பெட்டி.

நான் கழுத்தை நீட்டியது உங்களுக்கு, அந்த அலமாரிக்கு அல்ல. பாட்டில் நான் நடமாடுகிறேனாம்! நான் இங்கே ரத்தமும் சதையுமாக உட்கார்ந்திருக்கிறேன். சாயங்காலம் எல்லோரும் வீடு திரும்புகிறார்கள். மாப்பிள்ளை செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் பாப்பா எழுந்து போகிறாள். எனக்கு எழுந்து போக ஒரு சத்தம் இல்லை. இந்த வயதில் இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. எழுதிவிட்டேன், போங்கள்.

நானே வந்துவிடலாம். ஆனால் பாப்பா வேலைக்குத் திரும்பிவிட்டாள், வாண்டு என் இடுப்பில்தான் இருக்கிறான். அதனால் கேட்கிறேன்: வாருங்கள்.

டீச்சர்

*

ஜூன் 2

அன்புள்ள உங்களுக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாகிறது, உங்களிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. கோபமாக எழுதியதற்காக என்றால், அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். தையல்காரருக்குப் போன் செய்தேன். "சார் நல்லா இருக்காரும்மா, ஆனா ப்ளேயர மூடி வச்சிட்டாரு" என்றார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். இங்கே எல்லோரும் சுகம்.

உங்கள் டீச்சர்

*

ஜூன் 14

என் டீச்சரம்மாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபமும் இல்லை. உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை, சட்டைப்பையில்தான் இருக்கிறது.

அது வந்த வாரம் ஒருநாள் அந்த வயலினைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். தையல்காரர் சாவி போட்டுத் திறந்து வந்தது எனக்குத் தெரியவில்லை. தோளைத் தொட்டார், தூக்கிவாரிப்போட்டது. "சார், ரெண்டு ஸ்பீக்கர் பெட்டில ஒண்ணு ஊமையா இருக்கே. எத்தனை நாளா இப்படி?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய் வலது பெட்டியில் கையை வைத்தேன். இடது பெட்டி கைக்கு அதிர்கிறது, இது செத்துக் கிடக்கிறது. ப்ளேயருக்குப் பின்னால் பார்த்தால் வயர் கழன்று தொங்குகிறது, மாப்பிள்ளை சொன்ன அதே வயர்.

அப்போதுதான் எல்லாம் புரிந்தது. சாவி புரிந்தது. கழுத்தைத் திருப்பிப் பார்க்கச் சொன்னது புரிந்தது. எல்லாம் தெரிந்தும், உங்கள் பெட்டியில் கோளாறு என்று எழுதியிருக்கிறாய். உன் மேல் வருத்தமில்லை. என் மேல்தான்.

போன வருஷமே வலது காது போய்விட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, மெஷின் பக்கத்திலேயே நின்ற பலன் என்றார். இடது காதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறதாம், எவ்வளவு நாள் என்று அவரால் சொல்ல முடியவில்லை. கருவி வைத்தாலும் பழைய மாதிரி இருக்காதாம். ஒவ்வொரு ரெக்கார்டையும் கையில் எடுக்கும்போது, இதை நான் கேட்பது இதுதான் கடைசித் தரமோ என்று தோன்றும். அவசரப்பட முடியவில்லை.

இன்னொன்றும் உண்டு. அங்கே வந்தால் எல்லோரும் என்னிடம் கத்திப் பேச வேண்டும். பாப்பா கத்துவாள், அப்புறம் சலித்துக்கொள்வாள், அப்புறம் பேசாமல் இருந்துவிடுவாள். வாண்டு ஏதோ கேட்பான், நான் "ஆமா ஆமா" என்பேன். அவனுக்கு அப்படி ஒரு தாத்தா வேண்டாம். பெட்டியே தேவலை, அதுவாவது பாடுகிறது.

மூன்றாவதிலிருந்து எல்லா சிடியும் பாழ். மறுபடி முதலிலிருந்து இரண்டு பக்கமும் கேட்கிற மாதிரிப் பதிந்து அனுப்புகிறேன். இன்னொரு வருஷம் ஆகலாம். பொறுத்துக்கொள்.

போர்மேன்

*

ஜூலை 1

அன்புள்ள உங்களுக்கு,

எல்லோரும் நலம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் மட்டும் நலமாக இல்லை. ஆனாலும் நிம்மதியாக இருக்கிறது. இப்போதாவது சொன்னீர்களே.

எனக்கு மார்ச் மாதமே தெரியும். சிடியை மாப்பிள்ளையின் காரில் போட்டுக் கேட்டேன், பக்கத்து வீட்டுப் பெட்டியில் போட்டுக் கேட்டேன், எல்லா இடத்திலும் வலது பக்கம் மௌனம். மாத்திரைக்கு "நல்லா இருக்கு" என்றது அப்போதுதான் உறைத்தது. சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். உங்களுக்குச் சுட்டுவிடக் கூடாதே என்று பொய் எழுதினேன். ஒரு வருஷமாக இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு தனியாகச் சாலையைக் கடந்திருக்கிறீர்களே, உங்களை என்ன செய்யலாம்? நேரில் கிடைத்தால் நன்றாகத் திட்டலாம். அதற்காகவாவது வாருங்கள்.

மறுபடி எதையும் பதிய வேண்டாம். நான் சொல்வதைக் கேளுங்கள். அந்த ரெக்கார்டெல்லாம் உங்களுக்கும் எனக்கும் வரிக்கு வரி மனப்பாடம். ஒரு காது என்ன, இரண்டு காதும் அடைத்தாலும் உங்கள் தலைக்குள் அது பாடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் நீங்கள் ஒருமுறைகூடக் கேட்காத குரல் ஒன்று இங்கே இருக்கிறது. அது மனப்பாடம் ஆக வேண்டாமா? மிச்சமிருக்கிற காதைப் பழைய பாட்டுக்கே செலவழித்துவிட்டால் இவனை எதை வைத்துக் கேட்பீர்கள்?

கத்திப் பேச வேண்டுமென்றால் கத்துகிறோம். முப்பது வருஷம் ஒரு வகுப்பையே கத்தி மேய்த்தவளுக்கு நீங்கள் ஒருத்தர் பெரிதா? பாப்பாவிடம் சொல்லிவிட்டேன். "அப்பா ஏன்மா என்கிட்ட சொல்லல?" என்று அழுதாள். சலித்துக்கொள்ளும் ஆள் அப்படியா அழுவாள்?

இத்துடன் ஒரு சிடி வைத்திருக்கிறேன். வாண்டு பேசுவதை மாப்பிள்ளை மைக் வைத்துப் பதிந்தார். எல்லாவற்றையும் இடது பக்கத்திலேயே போடுங்கள், வலது பக்கம் காலியாக இருக்கட்டும் என்றேன். "என்ன அத்தை இது, யாராவது தெரிஞ்சே இப்படிப் பண்ணுவாங்களா?" என்றார். "உங்க மாமா கேக்கறதுக்குப்பா. அவருக்கு ஒரு வார்த்தைகூட வீணாகக் கூடாது" என்றேன். மனுஷர் உடனே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு அதே வேலையாக இருந்தார்.

ஹெட்போனை மாட்டிக் கேளுங்கள். கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

உங்களுக்காகக் காத்திருக்கும்
டீச்சர்

*

ஜூலை 10

என் டீச்சரம்மாவுக்கு,

கேட்டேன். ஹெட்போனை மாட்டி உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. முதலில் ஏதோ பாத்திரம் உருட்டுகிறான். நீ "தாத்தா சொல்லு, தாத்தா சொல்லு" என்கிறாய், அவன் வேண்டுமென்றே "கா கா" என்கிறான். நீ கோபிக்கிறாய். அப்புறம் நீ விட்டுவிட்ட பிறகு, யாரும் கேட்காதபோது, தானாகவே "தாத்தா" என்கிறான். ஒரு எழுத்துக்கூட விடாமல் எனக்குக் கேட்டது. தையல்காரருக்கு ஒருமுறை போட்டுக் காட்டினேன். "உங்களுக்குன்னே பேசுறான் சார்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் துடைத்துக்கொள்ளவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

ரெக்கார்டையும் ப்ளேயரையும் மாடிக்கு ஏற்றியாயிற்று. தைத்துக்கொண்டே கேட்பாராம். பதியாத ரெக்கார்டு நிறைய இருக்கிறது, இருக்கட்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். வாண்டை ஸ்டேஷனுக்குத் தூக்கிக்கொண்டு வா. ஆனால் அந்த இரைச்சலில் அவன் என்ன சொன்னாலும் எனக்கு விளங்காது. வெளியே, சத்தமில்லாத இடத்துக்கு வந்த பிறகு அவனைப் பேசவிடு. அதுவரைக்கும் உங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே நடந்து வருகிறேன்.

உன் போர்மேன்